ஒரே அறை, ஒரே வேலை, இரண்டு விண்ணப்பம்: நான் விலகிக்கொள்ளட்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். நீங்களும் உங்கள் தோழியும் மூன்று வருடமாக ஒரே அறையில் இருக்கிறீர்கள். படித்ததும் ஒரே துறை. இப்போது ஒரு நிறுவனத்தில் ஒரே ஒரு காலி இடம். விண்ணப்பித்ததை நீங்களும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் உங்களிடம் சொல்லவில்லை. கடைசிச் சுற்றுக்கான பட்டியல் வந்தபோதுதான் இருவருக்கும் தெரிந்தது. அதன் பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் அறைக்குள் வந்தால் அவர் லேப்டாப்பை மூடிவிடுகிறார். "நான் விலகிக்கொள்ளட்டுமா, இல்லை அறை மாறிவிடட்டுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில், அடைப்புக்குறிக்குள், ஒரு வரி இருக்கிறது: "அவளுக்குக் கிடைத்தால் என்னால் சந்தோஷப்பட முடியாது போலிருக்கிறது, நான் அவ்வளவு கெட்டவளா?" உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாணவர் விடுதிகளில் 16 வருடம் ஆலோசகராக இருந்தேன். அப்புறம் சில வருடங்கள் ஆள் எடுக்கும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தச் சிக்கலை மேசையின் இரண்டு பக்கமிருந்தும் பார்த்தவள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் கேட்டிருப்பது ஒரு பக்கத்துக் கதை மட்டும். அவர் ஏன் லேப்டாப்பை மூடுகிறார் என்பது எனக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்கும் தெரியாது, தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களிடமிருந்து மறைக்க மூடலாம். உங்கள் கண்ணில் பட்டு உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்றும் மூடலாம். எதிரெதிரான இந்த இரண்டு எண்ணமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, கெட்டவளா என்ற கேள்வி. இல்லை. பொறாமை என்ற சொல்லையே பாருங்கள், பொறுக்க முடியாமை என்பதுதான் அதன் பொருள். முன்பின் தெரியாத ஒருவர் உங்களைவிடப் பத்து மடங்கு சம்பாதித்தால் தாராளமாகப் பொறுத்துக்கொள்வீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஒரு படி மேலே ஏறினால்தான் பொறுக்காது. ஏப்ரஹாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் இதை வைத்தே ஒரு கோட்பாடு உருவாக்கினார். 1980-ல் அவரும் ஸ்மித் என்பவரும் வெளியிட்ட ஒரு சோதனையை நான் அடிக்கடி சொல்வதுண்டு. நண்பருக்கும் அந்நியருக்கும் குறிப்புகள் கொடுத்து ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வைக்கும் விளையாட்டு அது. இது வெறும் விளையாட்டு என்று சொன்னபோது, பெரும்பாலும் நண்பருக்கு எளிதான குறிப்பைக் கொடுத்தார்கள். இது உங்கள் திறமையைக் காட்டும் சோதனை என்று சொன்னபோது, அந்நியருக்குக் கொடுத்ததைவிட நண்பருக்குக் கடினமான குறிப்பைக் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, சாதாரணக் கல்லூரி மாணவர்கள். நாம் எதை வைத்து நம்மை மதிக்கிறோமோ, அதில் நெருக்கமானவர் முந்துவது மற்ற யார் முந்துவதையும்விட உறுத்துகிறது. உங்கள் தோழி நன்றாகப் பாடி ஒரு பரிசு வாங்கியிருந்தால், ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பீர்கள், இல்லையா?

ஆய்வுக்கூட விளையாட்டு வேறு, மூன்று வருட நட்பு வேறு என்பது எனக்கும் தெரியும். அந்தச் சோதனையை வைத்து உங்கள் தோழி உங்களுக்குக் குழி பறிப்பார் என்றெல்லாம் சொல்ல முடியாது. சந்தோஷப்பட முடியாமல் போவது ஒரு குணக்கேடு இல்லை என்ற மட்டில் அது உறுதியாகச் சொல்கிறது. அதை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் குணம் வருகிறது.

இதை இவ்வளவு கடினமாக்குவது போட்டி மட்டுமில்லை, அறையும்தான். அலுவலகத்தில் போட்டி என்றால் மாலை வீட்டுக்கு வந்து முகத்தைக் கழற்றி வைக்கலாம். உங்களுக்கு அந்த வீடே போட்டிக்களம். அடையாளங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன். ஒரே தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், ஒரே வாரத்தில், தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். முதல் பெண் விடிகாலை நாலரைக்கு அலாரம் வைப்பாள், சத்தம் வராமல் அதிரும்படி வைத்துத் தலையணைக்கு அடியில் செருகிவிடுவாள். தான் எழுவது மற்றவளுக்குத் தெரியக் கூடாது. ஓசைப்படாமல் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிப்பறைக்குப் போய்விடுவாள். இரண்டாவது பெண் என்னிடம் சொன்னது: "அவ நாலரைக்கு எழுந்திருப்பா மேடம். நான் நாலு மணிக்கே முழிச்சு போர்வைக்குள்ள போன் வெளிச்சத்துல படிச்சிட்டிருப்பேன். அவ எழுந்திருக்கும்போது மட்டும் தூங்கற மாதிரி மூச்சு விடுவேன்." நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் தூங்குகிறவளைப் போல மூச்சுவிடப் பழகியிருக்கிறாள். இருவருக்கும் அந்த மாதம் உடம்பு கெட்டது. தேர்வு அவர்களைக் களைப்பாக்கவில்லை, ஒருவர் முன் ஒருவர் நடித்ததுதான் களைப்பாக்கியது.

இன்னொன்றையும் அறை செய்கிறது. போட்டியாளர்களின் எண்ணிக்கையைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. உங்கள் கடிதத்தில் "எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான்" என்று நான்கு இடத்தில் வருகிறது. ஆனால் கடைசிச் சுற்றுக்கு ஏழு பேர் என்று நீங்களே வேறொரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். மற்ற ஐந்து பேர் எங்கே போனார்கள்? கார்சியா, டோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு சின்ன வினாத்தாளை வேகமாக முடிப்பவர்களில் முதல் 20 சதவீதத்தினருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். சிலரிடம் போட்டியாளர்கள் 10 பேர் என்றார்கள், சிலரிடம் 100 பேர் என்றார்கள். பரிசு பெறும் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் 10 பேர் என்று கேட்டவர்கள்தான் வேகமாக முடித்தார்கள். ஆட்கள் குறையக் குறைய ஒப்பிடும் சூடு ஏறுகிறது. உங்கள் அறையில் அந்த எண்ணிக்கை இரண்டாகச் சுருங்கிவிட்டது. சூட்டுக்குக் கேட்கவா வேண்டும்!

ஆள் எடுக்கும் குழுவில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், விலகாதீர்கள். நீங்கள் விலகினால் அந்த இடம் உங்கள் தோழிக்குப் போய்விடாது. பட்டியலில் ஏழு பேர் ஆறு பேராகும், அவ்வளவுதான். மூன்றாவதாக ஒருவர் எடுத்துக்கொண்டு போவார், நீங்கள் இருவரும் அறையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்கே கிடைத்துவிட்டாலும் சிக்கல் தீராது. "நான் விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது" என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம், அந்த வாக்கியம் அறையில் ஒரு மூன்றாவது ஆளைப் போல உட்கார்ந்திருக்கும். கேட்காமல் கொடுத்த தியாகத்துக்கு வட்டி அதிகம். வேலையே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் விலகுங்கள், அது வேறு விஷயம். நட்புக்காக என்று விலகாதீர்கள்.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பெருமையான கதை இல்லை. பயிற்சிக் காலத்தில் நானும் என் அறைத்தோழியும் ஒரே இடத்துக்கு முயன்றோம். எனக்குக் கிடைத்தது. செய்தி வந்த அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். இப்போது சொல்ல வேண்டாம், உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லலாம், அதற்கு மறுநாள் சொல்லலாம் என்று நாலு நாள் ஓடிவிட்டது. அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், துணி துவைத்துப் போட்டேன், சொல்லத்தான் இல்லை. ஐந்தாம் நாள் அவள் அலுவலக அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் பார்த்துவிட்டாள். அறைக்கு வந்து அமைதியாகத்தான் கேட்டாள்: "நீ ஜெயிச்சது எனக்கு வலிக்கல. நாலு நாள் என் முகத்தைப் பார்த்துக்கிட்டே எப்படி இருந்தே?" நான் கருணை என்று நினைத்துச் செய்தது, அவள் பக்கமிருந்து பார்த்தால் ஏமாற்று. இன்றைக்கும் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம். அவ்வளவுதான் மிஞ்சியது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் அறையில் இப்போது நடக்கும் தவறு போட்டியிடுவது இல்லை, பேசாமல் இருப்பது. நேர்காணலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்கிறீர்கள். இன்றோ நாளையோ பேசிவிடுங்கள். பெரிய பேச்சாக வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து "நாம் பேச வேண்டும்" என்று தொடங்கினால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். துணி மடிக்கும்போது, நடந்து போகும்போது, கண்ணுக்கு வேறு வேலை இருக்கும்போது பேசுவது எளிது. முதல் வாக்கியம் உங்களைப் பற்றியதாக இருக்கட்டும். "நீ ஏன் சொல்லல?" என்று ஆரம்பித்தால் அது விசாரணை. "அப்ளை பண்ணினதை உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன், அது எனக்கே உறுத்தலா இருக்கு. உனக்கும் இது கஷ்டமா இருக்கும்னு நினைக்கிறேன். ரெண்டு பேரும் போகலாம். ஆனா அறைக்குள்ள எப்படி இருக்கறதுன்னு மட்டும் பேசி வச்சுக்கலாமா?" இந்த அளவு போதும். யாருக்குக் கிடைத்தாலும் நட்பு மாறாது என்று சத்தியம் கேட்காதீர்கள், நீங்களும் செய்யாதீர்கள். அதை அப்போது யாராலும் சொல்ல முடியாது. சொல்லிவிட்டால், பிறகு வருத்தப்படுவதற்கு உரிமையில்லாமல் போய்விடும்.

அவர் பேச மறுத்தால்? மறுக்கலாம். சிலருக்கு எதையும் முடிந்த பிறகுதான் பேச வரும். அப்போது வற்புறுத்த வேண்டாம். சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நடிப்பில் பாதியாவது குறைந்துவிட்டது. என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டதும் தோளைத் தளர்த்திக்கொள்வார்கள். உங்கள் தோழியும் அப்படித்தான் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

பேச்சு நடந்தால் இரண்டு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். முதலாவது, முடிவு வந்தால் எப்படிச் சொல்லிக்கொள்வது. யாருக்கு முதலில் தெரிந்தாலும் அன்றே, குறுஞ்செய்தியில். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் அதை ஏற்பதில்லை. நேரில் சொன்னால் கேட்பவர் அந்த நொடியே முகத்தைத் தயார் செய்ய வேண்டும். செய்தியாகப் படித்தால், படித்து, அழுது, முகம் கழுவிக்கொண்டு வர அவகாசம் இருக்கும். இரண்டாவது, எப்போது இதைப் பற்றிப் பேசக் கூடாது. விளக்கை அணைத்த பிறகு பேசக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளச் சொல்வேன். கவலை தொற்றக்கூடியது. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் ஹேஃபல், ஹேம்ஸ் என்ற இருவர், தற்செயலாக ஒரே அறையில் ஒதுக்கப்பட்ட 103 ஜோடி முதலாண்டு மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எதையும் திரும்பத் திரும்ப மனதில் போட்டு அரைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவரோடு தங்கியவர்களுக்கு, சில மாதங்களில் அதே பழக்கம் கூடியிருந்தது. அமெரிக்க முதலாண்டு மாணவர்களிடம் கண்டதை எல்லா அறைக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் விடுதியில் நான் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான். கேள்வி எப்படி இருக்குமோ, போன வருடம் யாரை எடுத்தார்களோ என்று இரவெல்லாம் பேசிக்கொள்வது நெருக்கம் போலத் தோன்றும். காலையில் இருவர் கண்ணும் வீங்கியிருக்கும்.

சேர்ந்து தயாராகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாடத்தைச் சேர்ந்து படியுங்கள். மாதிரி நேர்காணலை மட்டும் ஒருவருக்கொருவர் நடத்தாதீர்கள். டெஸ்ஸரின் சோதனையில் வந்த அந்தக் கடினமான குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மனதாரத்தான் குறை சொல்லியிருப்பீர்கள், ஆனால் "உன் பதில் கொஞ்சம் நீளமா இருக்கு" என்ற உங்கள் சொல்லை அவர் எப்படி நம்புவார்? அவர் சொன்னால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்? அதற்கு மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடியுங்கள். நேர்காணல் தேதி மாறிவிட்டது, இந்தச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பது போன்ற பொதுத் தகவல் எது கிடைத்தாலும் உடனே அவருக்குச் சொல்லிவிடுங்கள், அதில் கணக்குப் பார்க்கவே கூடாது. உங்கள் பதில்கள், நீங்கள் செய்த மாதிரி வேலை, யாரோ உங்களுக்காக நேரம் ஒதுக்கிச் சொன்ன ஆலோசனை இதெல்லாம் உங்களுடையது, பகிராமல் இருப்பது துரோகம் இல்லை. மூடிய லேப்டாப்பைத் திறந்து பார்ப்பதுதான் துரோகம்.

போட்டியால் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. கில்டஃப் என்பவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட தூர ஓட்டக்காரர்கள் தங்கள் வழக்கமான எதிராளி ஓடும் பந்தயத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 5 வினாடி வேகமாக ஓடியது தெரிந்தது. அதே கில்டஃப் சிலரோடு சேர்ந்து இத்தாலியக் கால்பந்து ஆட்டங்களை ஆராய்ந்தபோது, பரம எதிரி அணிகள் மோதும் ஆட்டங்களில் மஞ்சள், சிவப்பு அட்டைகளும் கூடுதலாக இருந்தன. காலுக்கு வேகம் தருவதும் அதுதான், காலை இடறுவதும் அதுதான். உங்களுக்கு இப்போது படிப்பு நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

நேர்காணலில் உங்கள் தோழியைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வரியில் நல்லதைச் சொல்லிவிட்டு உங்கள் வேலைக்குத் திரும்பிவிடுங்கள். குழுவில் இருந்தபோது ஒருவர், கேட்காமலேயே, தன் அறையிலேயே தங்கியிருந்த இன்னொரு விண்ணப்பதாரர் கூட்டு வேலையில் சரியாகப் பங்களிக்க மாட்டார் என்றார். உண்மையாகவே இருந்திருக்கலாம். நாங்கள் குறித்துக்கொண்டது சொன்னவரைப் பற்றித்தான்.

முடிவுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதில் என்னால் அதிகம் சொல்ல முடியாது. சில அறைகள் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன், சில அறைகள் ஆகவே இல்லை. இரண்டுக்கும் காரணம் இதுதான் என்று ஒரு விதி கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருடத்தில் முடியவில்லை. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். ஜெயித்தவர்கள் ஆறுதல் சொல்ல அவசரப்படும்போதுதான் அதிகம் உடைகிறது. "உனக்கு இதைவிட நல்லது கிடைக்கும்" என்பதை அன்று யாரும் உங்கள் வாயிலிருந்து கேட்க விரும்ப மாட்டார்கள். உங்களுக்குக் கிடைத்தால், கொண்டாட்டத்தை அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அவர் கேட்கும்வரை வேலையைப் பற்றி வாய் திறக்காதீர்கள். அவருக்குக் கிடைத்தால் வாழ்த்துச் சொல்லுங்கள், ஒரு வரி போதும். சந்தோஷம் வராவிட்டாலும் வாழ்த்து பொய்யாகிவிடாது. அதற்குப் பிறகு இரண்டு நாள் யார் வீட்டிலாவது தங்கிவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு, அன்றாட வேலை எதுவும் சரியாகவில்லை என்றால், என்னைப் போன்ற ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். எழுத்தில் பதில் சொல்லி அதைச் சரிசெய்ய முடியாது.

அறை மாறுவதைப் பொறுத்தவரை, முடிவு வரும்வரை மாறாதீர்கள். இப்போது போனால், கோபித்துக்கொண்டு போனதாகத்தான் அர்த்தமாகும். ஆனால் வாடகை ஒப்பந்தத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். இருவர் பெயரிலும் இருக்கிறதா, காலி செய்வதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், முன்பணம் யார் எவ்வளவு கொடுத்தது என்று. கிடைத்தவர் வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தால், கிடைக்காதவர் தலையில் முழு வாடகையும் விழும். ஒரே மாதத்தில் வேலையும் இல்லை, வாடகையும் இரட்டிப்பு. "யார் போனாலும் அடுத்த ஆள் கிடைக்கும்வரை, அதிகபட்சம் இத்தனை மாதம், தன் பங்கைக் கொடுக்க வேண்டும்" என்று இருவரும் இன்றே பேசி ஒரு செய்தியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் கொடுக்கப் போகிறார், யார் வாங்கப் போகிறார் என்று தெரியாத இந்த இரண்டு வாரத்தில்தான் அந்த எண்ணை நியாயமாகப் பேசி முடிக்க முடியும்.